நிற வைரம் வாங்குகிறவர்களுக்கு: மண் தந்த நிறமா, ஏற்றிய நிறமா, ஆய்வகக் கல்லா?

கல்யாண மாதங்கள் நெருங்கினால் எனக்கு வரும் கேள்விகளில் பாதி ஒரே மாதிரி இருக்கும். திருமங்கலத்திலிருந்து ஓர் அம்மா கேட்டார்: "மகள் ரோஸ் வைர மோதிரம் கேட்கிறாள். ஒரு கடையில் லட்சக்கணக்கில் சொல்கிறார்கள், அடுத்த கடையில் ஆயிரக்கணக்கில் சொல்கிறார்கள். இரண்டு பேரும் வைரம்தான் என்கிறார்கள். யார் பொய் சொல்வது?" மேலூர்ப் பக்கத்திலிருந்து இன்னொருவர், மஞ்சள் வைரத்தில் ஏழுகல் தோடு செய்ய ஆசைப்பட்டு, மூன்று கடைகளில் மூன்று விலை கேட்டுக் குழம்பிப் போயிருந்தார்.

அந்தக் கடைக்காரர்கள் யாருமே பொய் சொல்லாமல் இருக்கலாம். கல் வைரம்தான். நிறம் எங்கிருந்து வந்தது என்பதுதான் வேறு. மதுரை நகைக்கடைத் தெருவான தெற்காவணி மூல வீதியில் பல ஆண்டுகள் கல் பிரிவில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், வெறும் கண்ணால் இதைப் பிரிக்க முடியாது. கோவலன் பார்த்த மதுரை மணிக்கடைத் தெருவைச் சொல்லும்போது சிலப்பதிகாரம் வைரத்துக்குக் காகபாதம் (காக்கைக்கால் போன்ற கீறல்), களங்கம் (கறை), விந்து (புள்ளி), ஏகை (கோடு) என்று நான்கு குற்றங்களையும் நால்வகை நிறத்தையும் பேசுகிறது. அவையெல்லாம் கண்ணுக்குத் தெரிபவை. இன்றைக்குக் கேட்க வேண்டிய கேள்வி கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது.

## எதை வைத்து முடிவு செய்வது

தட்டில் எது அழகாக இருக்கிறது என்று பார்த்து முடிவு செய்யாதீர்கள். கடை விளக்கின் கீழ் எல்லாமே அழகு. அந்தக் கல் உங்கள் வீட்டில் என்னவெல்லாம் படப்போகிறது என்று யோசியுங்கள்.

முதலில் தீ. நம் ஊர் நகை ஒரு முறையாவது பத்தரிடம் போகும். மோதிரத்தைப் பெரிதாக்க வேண்டும், தோட்டுத் திருகு தேய்ந்துவிடும், மூக்குத்தித் தண்டு ஒடியும். பற்றவைக்கப் பொடி வைத்து ஊதும் சூட்டை அந்த நிறம் தாங்குமா?

அடுத்து ஜோடி. ஏழுகல் தோடு என்றால் 14 கற்கள், பேசரி என்ற மூக்குத்தி என்றால் எட்டு. ஒரு கல் விழுந்துவிட்டால் அதே நிறத்தில் இன்னொன்று கிடைக்குமா?

மூன்றாவது, கைக்குத் திரும்பி வரும் பணம். வங்கியோ அடகுக் கடையோ, கல் எடையைக் கழித்துவிட்டுத் தங்கத்துக்கு மட்டும்தான் கடன் தரும். வைரம் எதுவானாலும் அங்கே அதற்கு மதிப்பில்லை. விற்கும்போது எவ்வளவு வரும் என்பது கல்லுக்குக் கல் மாறும்.

கடைசியாக, காகிதம். நகையில் இருக்கும் ஹால்மார்க்கும் ஆறெழுத்து எச்.யு.ஐ.டி. அடையாள எண்ணும் தங்கத்தின் தரத்தை மட்டுமே சொல்கின்றன, வைரத்தைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. இதைத் தெரியாமல் "ஹால்மார்க் இருக்கிறதே" என்று நிம்மதியாகிவிடுபவர்கள் நிறையப் பேர்.

## நிறம் எப்படி வருகிறது

இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். இது புரிந்துவிட்டால் மிச்சமெல்லாம் தானாகவே புரியும்.

வைரம் பூமிக்குள் பெரும்பாலும் 150 முதல் 200 கிலோமீட்டர் ஆழத்தில், ஆயிரம் டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில், கடும் அழுத்தத்தில் உருவாகிறது. வெறும் கார்பன். கலப்பில்லாமல், ஒழுங்கு குலையாமல் அடுக்கப்பட்டிருந்தால் அதற்கு நிறமே கிடையாது. ஆகவே வைரத்தின் நிறம் என்பது அந்த அடுக்கில் நேர்ந்த ஒரு பிசகு. ஒவ்வொரு நிறத்துக்கும் பிசகு வேறு.

மஞ்சளுக்குக் காரணம் நைட்ரஜன். கார்பன் இருக்க வேண்டிய இடத்தில் நைட்ரஜன் அணு உட்கார்ந்து, வெளிச்சத்திலுள்ள நீலத்தை விழுங்கிவிடுகிறது. அணுக்கள் கூட்டமாகச் சேர்ந்திருந்தால் வெளிர் மஞ்சள், தனித்தனியாகச் சிதறியிருந்தால் ஆழ்ந்த மஞ்சள். நீலத்துக்குக் காரணம் போரான். அது மிகக் கொஞ்சம் இருந்தாலே போதும், கல் மின்சாரத்தையும் கடத்தும். நம் கோல்கொண்டாப் பகுதியிலிருந்து போய், இன்று வாஷிங்டன் அருங்காட்சியகத்தில் இருக்கும் 45.52 கேரட் ஹோப் வைரத்தின் நீலம் இந்தப் போரானால் வந்ததுதான்.

ரோஸ் நிறத்துக்குப் பெரும்பாலும் எந்தக் கலப்பும் காரணமில்லை. பூமிக்குள் நெரிபட்டு, கார்பன் அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிப்போனதால் வந்த நிறம் அது. அதிகம் நெரிபட்டவை பழுப்பாகிவிடுவதும் உண்டு. உலகத்து ரோஸ் வைரங்களில் 90 சதவீதத்துக்கு மேல் தந்துகொண்டிருந்தது மேற்கு ஆஸ்திரேலியாவின் ஆர்கைல் சுரங்கம். அது 2020 நவம்பரில் மூடப்பட்டது. திருமங்கலத்து அம்மா கேட்ட லட்சக்கணக்கான விலைக்குப் பின்னால் இதுவும் இருக்கிறது.

பச்சை நிறம் இயற்கைக் கதிர்வீச்சால் வருகிறது. யுரேனியம் உள்ள பாறைக்குப் பக்கத்தில் கோடிக்கணக்கான ஆண்டுகள் கிடந்த கல்லில், கதிர் பட்டு அணுக்கள் இடம்பெயர்ந்து பச்சையாகிறது. பெரும்பாலும் மேல்தோலில் மட்டும்தான். பட்டை தீட்டும்போது தோலோடு பச்சையும் போய்விடும். ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் உள்ள 41 கேரட் பச்சை வைரம் போல உள்ளுக்குள்ளும் பச்சை பரவிய கல் மிக மிக அபூர்வம்.

இப்போது யோசித்துப் பாருங்கள். நைட்ரஜனைச் சேர்ப்பது, கதிரைக் காட்டுவது, சூட்டில் அணுக்களை நகர்த்துவது எல்லாமே மனிதனாலும் முடியும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வில்லியம் குரூக்ஸ் வைரத்தை ரேடியம் உப்பில் புதைத்து வைத்துப் பச்சையாக்கிக் காட்டிவிட்டார். சந்தையில் இன்று இருக்கும் குழப்பம் அங்கே தொடங்கியது.

## தேர்வு 1: மண் தந்த நிறம்

வைரமும் இயற்கை, நிறமும் இயற்கை. தலைமுறைக்கும் இருக்க வேண்டிய நகைக்கு இதற்கு ஈடில்லை. ஆனால் எல்லா நிறமும் எல்லார் கைக்கும் எட்டாது. ரோஸ், நீலம், பச்சை மூன்றையும் நடுத்தரக் குடும்பம் இயற்கையில் தேடுவதை நான் ஆதரிப்பதில்லை. அந்த விலைக்குக் கிடைப்பது கண்ணுக்கே எட்டாத அளவு சின்னக் கல்லாகவோ, ரோஸா பழுப்பா என்று சந்தேகப்பட வைக்கும் கல்லாகவோ இருக்கும்.

மஞ்சள் வேறு கதை. நிற வைரங்களில் அதிகம் கிடைப்பவற்றில் ஒன்று என்பதால் விலை மற்றவற்றைவிட மட்டு. அதோடு நம் நகைப் பழக்கம் மஞ்சளுக்குத் துணை நிற்கிறது. மஞ்சள் தங்கத்தில் பதித்தால் கல்லின் நிறம் ஒரு படி ஆழமாகத் தெரியும். வெளிநாட்டவர் பிளாட்டினத்தில் பதித்து வெளிறிப்போகச் செய்யும் அதே கல், நம் தோட்டில் எலுமிச்சம்பழம் போல நிற்கும்.

இங்கே ஒரு பொறி உண்டு. வெள்ளை வைரத்தின் நிறத்தை டி முதல் இசட் வரை எழுத்துகளால் குறிப்பார்கள். கீழே வரவர மஞ்சள் ஏறும், விலை இறங்கும். இசட்டையும் தாண்டினால்தான் "ஃபேன்சி" என்ற வரிசை ஆரம்பித்து, விலை மறுபடி ஏறும். இசட்டைத் தாண்டாத மங்கலான கல்லை "மஞ்சள் வைரம்" என்று ஏற்றி விற்றுவிட முடியும். ஆகவே சான்றிதழில் "ஃபேன்சி" என்ற சொல் இருக்க வேண்டும். அதற்குப் பின்னால் "இன்டென்ஸ்", "விவிட்" என்று வந்தால் நிறம் இன்னும் அழுத்தம்.

இன்னொன்று, நம் ஊரில் "புளூ ஜாகர்" என்று கேட்டு வாங்குவார்கள். அது நீல வைரம் அல்ல. தென்னாப்பிரிக்காவின் ஜாகர்ஸ்ஃபோன்டைன் சுரங்கத்தின் பெயரால் வந்த சொல். வெயிலில் நீலச் சாயல் காட்டும் நல்ல வெள்ளைக் கல்லுக்கு அந்தப் பெயர். இரண்டையும் ஒன்றென்று நினைத்து விலை பேசியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மறைந்திருக்கும் செலவு ஜோடி சேர்ப்பதில் இருக்கிறது. ஒரே சாயலில் 14 இயற்கை மஞ்சள் கற்களைச் சேர்க்க மாதக்கணக்கில் ஆகலாம், அதற்கும் விலை உண்டு. ஐந்து சென்ட், பத்து சென்ட் (கேரட்டில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) கற்களுக்கு ஒவ்வொன்றாகச் சான்றிதழ் எடுப்பதும் கட்டுப்படியாகாது. விற்கும்போதும் நிதானம் வேண்டும். நிற வைரத்துக்கு மதிப்புத் தெரிந்து வாங்குகிறவர்கள் மும்பை, சூரத் பக்கம்தான் அதிகம். மதுரையில் நினைத்த மாத்திரத்தில் ஆள் கிடைக்காது.

## தேர்வு 2: இயற்கைக் கல், ஏற்றிய நிறம்

இதை ஒரே தலைப்பில் போட்டாலும் உள்ளே மூன்று தனித்தனிச் சாதிகள் இருக்கின்றன. கடையில் "ட்ரீட்மென்ட் கல்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். நீங்கள் விடாமல் எந்த ட்ரீட்மென்ட் என்று கேட்க வேண்டும்.

கதிர் காட்டியது. எலெக்ட்ரான் கற்றையைப் பாய்ச்சினால் பழுப்பு அல்லது மங்கல் மஞ்சள் கல் பச்சையாகவோ நீலமாகவோ மாறும். அதற்குப் பிறகு பக்குவமாகச் சூடாக்கினால் மஞ்சள், ஆரஞ்சு, கல் ஒத்துவந்தால் ரோஸ் வரைக்கும் போகும். "கதிர் என்றால் உடம்புக்கு ஆகுமா" என்று கேட்பவர்களுக்கு: குரூக்ஸ் ரேடியத்தில் வைத்த கல்லில் இன்றும் கதிர்வீச்சு இருக்கிறது, உண்மைதான். இன்றைய எலெக்ட்ரான் முறையில் அந்தப் பயம் இல்லை, கல்லில் கதிர் தங்குவதில்லை.

பயப்பட வேண்டியது தீக்குத்தான். என் அக்கா வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். பச்சை வைர மோதிரம். வாங்கிய கடையில் "வைரம், பச்சை" என்று மட்டும் பில்லில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். நான்கு வருடம் கழித்து விரல் தடித்து மோதிரம் இறுகியதும், வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு பத்தரிடம் கொண்டுபோனாள். அவர் நல்ல மனிதர், "கல்லைக் கழற்றிட்டு ஊதவாம்மா?" என்று கேட்டிருக்கிறார். "வைரந்தானேண்ணே, தீ என்ன செய்யும், அப்படியே ஊதுங்க" என்று அக்கா சொல்லிவிட்டாள். மோதிரம் விரலுக்குச் சேர்ந்தது. பச்சை மட்டும் போய், மஞ்சளும் பழுப்புமாக ஒரு நிறம் மிஞ்சியது. அந்தப் பத்தர் அன்றைக்கு முழுவதும் தன் மேல்தான் தப்பு என்று நொந்துகொண்டிருந்தார். தப்பு அவர்மேல் இல்லை. கதிர் ஏற்றிய பச்சையும் நீலமும் சுமார் 500 டிகிரிக்கு மேல் மாறத் தொடங்கிவிடும். பொடி உருகும் சூடு அதைத் தாண்டியது. பில்லில் "கதிர் ஏற்றியது" என்று ஒரு சொல் இருந்திருந்தால் கல்லைக் கழற்றியிருப்பார்கள். இயற்கைப் பச்சையும் இதே தீயில் மாறக்கூடியதுதான், ஆகவே பச்சை வைரம் எதுவானாலும் கழற்றிவிட்டே ஊதச் சொல்லுங்கள்.

அழுத்தமும் சூடும் கொடுத்தது. பூமி செய்ததை ஆலையில் மறுபடி செய்வது. சுமார் 2000 டிகிரிச் சூட்டில், பல்லாயிரம் மடங்கு காற்றழுத்தத்தில் பழுப்புக் கல் மஞ்சளாகவோ, பசுமஞ்சளாகவோ, நிறமற்றதாகவோ மாறும். 1999இல் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம் இதைச் சந்தைக்குக் கொண்டுவந்தபோது உலக வைர வியாபாரமே ஆடிப்போனது. பத்தர் தீயில் இந்த நிறம் மாறாது. ஏற்றிய நிறங்களில் எனக்குப் பிடித்தது இதுதான். மூக்குத்தி, தினமும் போடும் தோடு ஆகியவற்றுக்குத் தாராளமாக வாங்கலாம்.

பூச்சு. கல்லின் அடிப்பக்கத்தில் நுண்ணிய படலமாக நிறம் பூசுவது. ரோஸ் நிறத்தில் அதிகம் வரும். வேண்டாம். கீறும், அமிலத்தில் கழுவினால் போகும், தீயில் போகும். வைரத்துக்குத் தரச் சான்று தரும் ஜி.ஐ.ஏ. ஆய்வகம் பூச்சுக் கல்லுக்குத் தர அறிக்கையே தருவதில்லை. நம் ஊர்ப் பழைய முறைப்படி அடியை மூடிக் கட்டிய நகையில் பூச்சும் தெரியாது, கல்லுக்கு அடியில் வைத்த நிறத் தகடும் தெரியாது. ஆகவே நிறக் கல்லை மூடிய கட்டில் பார்த்து வாங்காதீர்கள். கல்லைத் தனியாகப் பார்த்த பிறகு எப்படி வேண்டுமானாலும் கட்டிக்கொள்ளலாம்.

கறுப்பு வைரத்துக்கு நீளமாகப் பேச ஒன்றுமில்லை. கடையில் இருப்பவற்றில் பெரும்பாலானவை சூட்டிலோ கதிரிலோ கறுப்பாக்கப்பட்டவை, விலையும் குறைவு. பிடித்தால் அந்த விலைக்கு வாங்குங்கள், "இயற்கைக் கறுப்பு" என்று கூடுதல் கொடுக்காதீர்கள்.

## தேர்வு 3: ஆய்வகத்தில் வளர்ந்த நிறக் கல்

இது போலி அல்ல. அதே கார்பன், அதே கடினம், கடைக்காரர் வைத்துப் பார்க்கும் பேனா போன்ற வெப்பச் சோதனைக் கருவியும் வைரம் என்றே சொல்லும். அழுத்த முறையில் வளர்க்கும்போது நைட்ரஜன் தானாகவே புகுந்துவிடுவதால் மஞ்சள்தான் எளிதாக வருவது. போரான் சேர்த்தால் நீலம். ரோஸ் கல் பெரும்பாலும் வளர்த்த பிறகு கதிரும் சூடும் காட்டி வரவழைத்தது, அதனால் பத்தரிடம் அதே எச்சரிக்கை வேண்டும். நம் சென்னை ஐ.ஐ.டி.யில் இதற்கென்றே ஆராய்ச்சி மையம் அமைக்க ஒன்றிய அரசு ஐந்தாண்டுக்குச் சுமார் 243 கோடி ரூபாய் ஒதுக்கியிருக்கிறது. இனி இது வளரும் தொழில்தான்.

இதன் பெரிய பலம் ஜோடி. 14 கல்லும் ஒரே சாயலில் கிடைக்கும், ஒன்று தொலைந்தால் மாற்றுக் கல்லும் பெரும்பாலும் கிடைத்துவிடும். மேலூர் வாசகருக்கு நான் சொன்ன பதில் இதுதான்: இயற்கை மஞ்சளில் ஏழுகல் தோட்டுக்கு ஆகும் பணத்தில் ஆய்வகக் கல் தோடும் செய்து, மீதியில் தங்கமும் வாங்கிவிடலாம். பலவீனம், விற்றால் ஏறக்குறைய ஒன்றும் வராது. சில ஆண்டுகளாக இதன் விலை இறங்கிக்கொண்டே இருக்கிறது. சேமிப்பு என்று நினைத்து ஒரு ரூபாயும் இதில் போடாதீர்கள். திரும்ப எடுத்துக்கொள்வதாகக் கடை சொன்னால், அன்றைய விலைக்கா, பில் விலைக்கா, பணமாகவா, வேறு நகையாகவா என்று எழுத்தில் வாங்குங்கள்.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | இயற்கை நிறம் | கதிர் ஏற்றியது | அழுத்தச் சூடு | பூச்சு | ஆய்வகக் கல் |
|---|---|---|---|---|---|
| விலை | மிக அதிகம், மஞ்சள் மட்டு | குறைவு | நடுத்தரம் | மிகக் குறைவு | குறைவு |
| பத்தர் தீ | பச்சைக்கு ஆபத்து | நிறம் மாறும் | நிறம் மாறாது | போய்விடும் | மஞ்சள், நீலம் தாங்கும். ரோஸ் கவனம் |
| ஒரே சாயல் ஜோடி | கடினம் | ஓரளவு | ஓரளவு | எளிது | மிக எளிது |
| விற்றால் | சான்றிதழோடு வரும், தாமதமாகும் | சொற்பம் | கொஞ்சம் | இல்லை | ஏறக்குறைய இல்லை |
| எதற்கு ஏற்றது | தலைமுறை நகை, ஒற்றைக் கல் | எப்போதாவது அணியும் மோதிரம் | தினசரி மூக்குத்தி, தோடு | எதற்கும் வேண்டாம் | ஏழுகல் தோடு, பேசரி, ஆசைக்கு ரோஸ் |

"நிறம் மாறாது" என்று எழுதிய கல்லையும் தீயில் காட்டலாம் என்று அர்த்தமில்லை. அதிகச் சூட்டில் காற்றுப் பட்டால் எந்த வைரத்தின் மேல்முகமும் வெளுத்துப்போகும், மறுபடி பட்டை தீட்ட வேண்டிவரும்.

ஜாதகம் பார்த்து வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சுக்கிரனுக்கு வைரம், குருவுக்குப் புஷ்பராகம் என்பது வழக்கம். மஞ்சளாக இருக்கிறது என்பதற்காக மஞ்சள் வைரம் புஷ்பராகம் ஆகிவிடாது. சோதிடர் புஷ்பராகம் சொல்லியிருந்தால் அதையே வாங்குங்கள், அது இன்னொரு கல், இன்னொரு விலை.

## திருமங்கலத்து மோதிரம்

அந்த அம்மாவிடம் நான் இரண்டு கேள்வி கேட்டேன். மகள் தினமும் போடுவாளா? பிற்பாடு விற்கும் எண்ணம் உண்டா? தினமும் போடுவாள், விற்க மாட்டோம் என்றார். அப்படியென்றால் ஆய்வக ரோஸ் கல், சான்றிதழோடு. மிச்சப் பணத்துக்குச் சின்னதாக ஓர் இயற்கை மஞ்சள் கல்லில் மூக்குத்தி, அது பேத்தி வரைக்கும் போகட்டும் என்றேன். இரண்டையும் பார்க்கக் காலையில் போகச் சொன்னேன். தெற்காவணி மூல வீதியில் பதினொரு மணிக்குள் போனால் கூட்டமும் குறைவு, கல்லைக் கடை வாசலுக்குக் கொண்டுவந்து வெள்ளைக் காகித மடிப்பில் வைத்துப் பகல் வெளிச்சத்தில் பார்க்கவும் விடுவார்கள். விடாத கடையில் நிறக் கல் வாங்க வேண்டாம்.

சான்றிதழில் "நிறத்தின் மூலம்" என்ற வரியைத் தேடச் சொன்னேன். "நேச்சுரல்", "ட்ரீட்டட்", இரண்டும் உறுதியில்லை என்றால் "அன்டிடெர்மைன்ட்" என்று இருக்கும். சில பச்சைக் கற்களுக்கு ஆய்வகத்தாலேயே உறுதி சொல்ல முடிவதில்லை, அது ஆய்வகத்தின் குறையல்ல. அங்கே என்ன சொல் இருக்கிறதோ, அதே சொல்லைக் கடை பில்லிலும் எழுதி வாங்க வேண்டும். கல்லின் இடுப்பு விளிம்பில் லேசரால் பொறித்த எண் இருந்தால், பத்து மடங்கு லென்ஸில் காட்டச் சொல்லி, சான்றிதழோடு ஒத்துப் பார்க்க வேண்டும்.

இன்னொன்றும் சொன்னேன். கல் பதிப்பதற்கு முன்பே மோதிரத்தை விரலுக்கு அளவெடுத்து, கொஞ்சம் தளர்வாகவே செய்யச் சொல்லுங்கள். உள்ளே நூல் சுற்றிப் போட்டுக்கொள்ளலாம். அந்த ரோஸ் கல் பத்தரின் ஊதுகுழல் பக்கமே போக வேண்டிவராது.